மறைத்த ஒரு வரி

2006-ஆம் வருடம். சிக்குன்குனியா புதுச்சேரியைப் புரட்டிப் போட்ட மாதங்கள். பெரிய மார்க்கெட்டை ஒட்டிய ஒரு சந்தில், ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். காய்ச்சல் என்னையும் விடவில்லை. காய்ச்சல் போன பிறகும் முழங்கால் வலி போகவில்லை. மெஷினில் பேப்பர் போடக் குனிந்தால் நிமிர அரை நிமிடம் ஆகும்.

என்னைப் பற்றி ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் யாரையும் லேசில் நம்ப மாட்டேன். கொத்தமல்லிக் கட்டைக்கூடப் பிரித்துப் பார்த்துத்தான் வாங்குவேன். "கண்ணாடியில உங்க மூஞ்சியப் பார்த்தாலே உங்களுக்கு சந்தேகம் வரும்" என்பாள் என் மனைவி. காரணம் இல்லாமல் இல்லை. அரசாங்க வேலை வாங்கித் தருகிறேன் என்று சொன்ன ஒரு புரோக்கர் அவளுடைய சங்கிலியோடு காணாமல் போயிருந்தான். அதிலிருந்து, வேலை என்று யார் வாயைத் திறந்தாலும் என் காது விடைத்துக்கொள்ளும்.

அப்படிப்பட்ட என் கடைக்கு வாரத்துக்கு ஒருமுறை ஒரு பெண்மணி வருவார். ஐம்பதை நெருங்கும் வயது, பழைய டிவிஎஸ் வண்டி, தோளில் துணிப்பை. குடும்பத்தில் எல்லோருக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை, பிள்ளைகள் அங்கேதான். அக்கம்பக்கத்தில் மதாம் என்று கூப்பிடுவார்கள். நகராட்சி அலுவலகத்தை அவர் பழைய பிரெஞ்சு வழக்கப்படி 'மேரி' என்றுதான் சொல்வார். அங்கே போர்டில் ஒட்டியிருக்கும் அறிவிப்புகளை நீள நோட்டில் கையால் எழுதிக்கொண்டு வருவார். மேலே சம்பளம் உள்ள வேலைகள். கீழே சம்பளம் இல்லாத சேவைகள், அதாவது வீடு வீடாகப் போய்க் கொசுப்புழு இருக்கிறதா என்று தொட்டியை எட்டிப் பார்ப்பது, நூலகத்தில் சாயங்காலம் உட்கார்வது, அந்த மாதிரி. அந்தப் பக்கத்தை முப்பது நகல் எடுத்து, ஊரெல்லாம் சும்மா கொடுப்பாராம்.

சும்மாவா? நான் நம்புவேனா?

ஒருநாள் கேட்டும் பார்த்தேன்.

"போர்டுல ஒட்டிட்றாங்க. படிக்க யாரு அங்க போறா? நான் தினம் அந்தப் பக்கம்தான் நடக்கிறேன், எழுதினு வரேன்" என்றார்.

இவ்வளவு சாதாரணமான பதில் எனக்குப் போதவில்லை. முதலில் இலவசமாகப் பேப்பர் கொடுப்பார், அப்புறம் 'உள்ளே ஆள் இருக்கு' என்பார், அப்புறம் ஒரு தொகை கேட்பார் என்று நானே கதையை முடித்து வைத்திருந்தேன்.

அந்த வாரம் புதன்கிழமை வழக்கம்போல நோட்டைக் கொடுத்துவிட்டு மார்க்கெட்டுக்குள் போனார். பக்கத்தைப் பார்த்தேன். சம்பள வேலைகளில் கடைசி வரி: பிறப்பு இறப்புப் பதிவுகளைக் கணினியில் ஏற்றத் தற்காலிகத் தட்டச்சர், ஒரே இடம், விண்ணப்பிக்கக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி.

எனக்குத் தட்டச்சு தெரியும், லோயர் பாஸ். அடுத்த மார்ச் மாதம் வந்தால் வயது வரம்பைத் தாண்டிவிடுவேன். அதற்கப்புறம் நகராட்சி வாசலில் நின்று என்ன வேண்டுமானாலும் வேடிக்கை பார்க்கலாம், விண்ணப்பம் மட்டும் போட முடியாது. அந்த ஒரு இடம் எனக்குக் கடைசி இடம்.

ஜெராக்ஸ்காரனுக்கு மட்டும் தெரிந்த ஒரு சுலபமான வேலை உண்டு. வெள்ளைத் தாளில் ஒரு துண்டு கிழித்து, வேண்டாத வரி மேல் வைத்து மூடியை இறக்கினால் போதும். அந்த வரி பிறக்கவே பிறக்காது. நான் அதைச் செய்தேன். கடைசி வரி என்பதால் கொஞ்சம் இடைவெளி விட்ட மாதிரிதான் இருந்தது, யார் கண்ணுக்கும் படாது. எப்படியும் இந்தம்மா இந்த இடத்தை யாருக்கோ விற்கத்தான் போகிறார், ஒரு மோசடியைத் தடுக்கிறேன் என்று மனசுக்குச் சமாதானமும் சொல்லிக்கொண்டேன். எவ்வளவு அழகான சமாதானம் பாருங்கள்.

வியாழக்கிழமை என் விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். வெள்ளிக்கிழமை மதியம் மதாம் மறுபடி வந்தார். நகல் தீர்ந்துவிட்டதாம், முத்தியால்பேட்டைக்கு இன்னும் பத்து வேண்டுமாம். அவர் நோட்டைத் திறப்பதற்கு முன்பே, புதன்கிழமை எடுத்து வைத்திருந்த என் 'திருத்திய' நகலை மெஷினில் வைத்துப் பத்தை எடுத்து நீட்டினேன்.

அவர் கிளம்பியதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும் என்று தோன்றியது. பாதி ஷட்டரை இறக்கிவிட்டு, முழங்கால் வலியோடு சைக்கிளை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். அவர் ரேஷன் கடை, டீக்கடை என்று இடத்துக்கு இடம் நின்று பேப்பரை ஒட்டிக்கொண்டு போனதால் என்னால் தொடர முடிந்தது. யாரிடமும் எதுவும் வாங்கவில்லை. வெளிப்படையாகவா வாங்குவார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

முத்தியால்பேட்டையில் ஒரு டைலர் கடை முன்னால் வண்டியை நிறுத்தினார். நான் எதிர்ப்பக்கம் ஒரு ஆட்டோவுக்குப் பின்னால் நின்றேன். உள்ளே காஜா எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் ஊசியை வைத்துவிட்டு எழுந்து வந்து பேப்பரை வாங்கினாள். இருபத்தைந்து வயது இருக்கும்.

"டைப்பிங் வேலை எதுவும் வரலியா மதாம், இந்த வாரமும்?"

"வந்துச்சே. உனக்காகத்தான் நெனச்சினு எழுதினேன். பாரு, மேல இருக்கும்."

"இல்லியே."

மதாம் பேப்பரை வாங்கிப் பார்த்தார். பையிலிருந்து நோட்டை எடுத்து விரித்தார். நோட்டைப் பார்த்தார், பேப்பரைப் பார்த்தார், திரும்பவும் நோட்டைப் பார்த்தார். நான் ஆட்டோவுக்குப் பின்னால் இன்னும் ஒதுங்கினேன்.

"கெளம்பு. அஞ்சு மணி வரைக்கும் டைம் இருக்கு. சர்டிபிகேட்ட எடுத்துக்க" என்றார் அந்தப் பெண்ணிடம்.

அவள் வீட்டுக்கு ஓடினாள். நான் சைக்கிளைத் திருப்பினேன். முழங்கால் வலி எங்கே போனதென்று தெரியவில்லை. கடைக்கு வந்து ஷட்டரைத் தூக்கி, மூச்சு வாங்குவது அடங்குவதற்குள் டிவிஎஸ் சத்தம் கேட்டது. இரண்டு பேரும் இறங்கினார்கள்.

முத்தியால்பேட்டையிலேயே இரண்டு ஜெராக்ஸ் கடைகள் உண்டு. ஏன் என்னிடம் கூட்டிக்கொண்டு வந்தார்? நகராட்சிக்குப் போகும் வழி என்பதாலா, என் முகத்தைப் பார்ப்பதற்காகவா? இன்றுவரை எனக்குத் தெரியாது.

"இதெல்லாம் ஒரு செட்டு போடுங்க தம்பி. ஒரிஜினலக் காட்டி நகலக் குடுத்தா வாங்கிப்பாங்களாம்" என்றார். குரலில் எந்த வித்தியாசமும் இல்லை. மணி நாலே கால்.

சான்றிதழ்களை வாங்கினேன். தட்டச்சு ஹையர், தமிழ், ஆங்கிலம் இரண்டும், இரண்டிலும் முதல் வகுப்பு. இவள் விண்ணப்பம் போனால் என் கதை முடிந்தது என்று அங்கேயே புரிந்துவிட்டது. 'மெஷின் சூடாயிடுச்சு, முக்கால் மணி நேரம் ஆகும்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாய் வரைக்கும் வந்தது. அந்தப் பெண் புடவைத் தலைப்பால் கழுத்து வியர்வையைத் துடைத்தபடி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். காஜா எடுத்து எடுத்து அவள் விரல் நுனியெல்லாம் ஊசிக் குத்து. ஹையர் பாஸ் செய்த விரல்கள்.

நகலைப் போட்டுக் கொடுத்தேன். நல்லவனாகிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். அந்த இரண்டு பேருக்கும் நடுவில் நின்று இன்னொரு பொய் சொல்லத் தைரியம் வரவில்லை, அவ்வளவுதான். மதாம் எப்போதும் போல பிரெஞ்சில் நன்றி சொல்லி, "மெர்சி தம்பி" என்றார். வண்டி கிளம்பிவிட்டது.

தட்டச்சுத் தேர்வுக்கு ஐந்து பேர் வந்திருந்தோம். வேலை அந்தப் பெண்ணுக்குத்தான் கிடைத்தது. மார்ச் மாதம் வந்தது, என் வயது வரம்பும் போனது. அன்று மனைவி முன்னால் அழுதேன். அந்த வேலை கிடைக்காததற்காக என்றுதான் அவள் நினைத்தாள்.

அதைவிடக் கொடுமை, தேர்வுக்கு முந்தைய அந்த வாரங்கள். மதாம் முதலாளியிடம் சொல்லப் போகிறார் என்று தினமும் எதிர்பார்த்தேன். முதலாளி "இங்க வாப்பா" என்றாலே, சொல்லிவிட்டார் என்று முடிவு கட்டிவிடுவேன். மதாமோ அடுத்த புதன்கிழமை எப்போதும் போல வந்தார், நோட்டை நீட்டினார், மார்க்கெட்டுக்குள் போய்விட்டார். பக்கத்தில் நின்று பார்க்கவில்லை. நகலை நோட்டோடு ஒப்பிடவில்லை. இது என்ன சோதனையா, பொறியா என்று யோசித்து யோசித்து எனக்குத் தூக்கம் கெட்டது. நாலாவது வாரம் தாங்க முடியவில்லை. அவர் மீன் பையோடு திரும்பி வந்ததும் சொல்லிவிட்டேன்.

"மேடம், அன்னிக்கு அந்த டைப்பிஸ்ட் வேலை... அந்த வரிய நான்தான்..."

"தெரியும்" என்றார். "சீக்கிரம் குடுங்க தம்பி, மீனு கெட்டுடும்."

திட்டியிருந்தால்கூட நானும் ஏதாவது எதிர்த்துப் பேசி மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். அதற்கும் அவர் இடம் வைக்கவில்லை.

அதற்கப்புறம் அந்த அறிவிப்புகளை நானே டைப் அடித்துக் கொடுக்க ஆரம்பித்தேன். காசு வாங்குவதில்லை. "சும்மா எதுக்கு செய்யறீங்க? என்ன விஷயம்?" என்று என் மனைவி கேட்கிறாள். என்னிடமிருந்து தொற்றிக்கொண்ட கேள்வி அது. பதில் சொன்னால் அவளும் நம்புவதில்லை.

டைப் அடித்து முடித்ததும் நோட்டையும் தாளையும் பக்கத்தில் வைத்து, வரிக்கு வரி விரல் வைத்து இரண்டு முறை சரிபார்க்கிறேன். என் சந்தேகப் புத்தி போகவில்லை. ஆனால் இத்தனை வருடம் ஊரில் எல்லோரையும் சந்தேகப்பட்ட நான், சந்தேகப்பட வேண்டிய ஒரே ஆளை மட்டும் கவனிக்காமல் விட்டிருந்தேன்.