மூன்று தசம் இரண்டு

கணவர் காலமாகி இரண்டு வருடங்களின் பின், ஐம்பத்தெட்டாவது வயதில், முதல் தடவையாகத் தனியே பயணம் புறப்பட்டேன். மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷனில் நான் சிறுபிள்ளைகளைப் பராமரிக்கும் கார்டெரியில், மொரோக்கோத் தாய்மார் ஃபெஸ் நகரத்தைப் பற்றிச் சொல்லிச் சொல்லியே ஆசையை மூட்டிவிட்டிருந்தார்கள்.

மகளுக்குத் துளியும் விருப்பமில்லை. விமான நிலையம் வரை ஒரே கதைதான்.

"அம்மா, உங்களுக்குச் சலரோகம். அங்கை இப்ப நோன்பு மாதம். நேரத்துக்குச் சாப்பிடாமல் எங்கையும் விழுந்தா ஆர் பாக்கிறது?"

"ஒண்டும் நடக்காது" என்றேன். சொன்னேனே தவிர, விமானத்தில் ஒரு நிமிடம் கண் மூடவில்லை.

காசாபிளாங்காவில் ஃபெஸ்ஸுக்கு ரயில் ஏறினேன். பெட்டியில் என் வயதுப் பெண் ஒருவர் மட்டும் இருந்தார். நோன்பிருப்பவர் முன்னால் சாப்பிடப் பயந்து, கழிப்பறைக்குள் நின்று பிஸ்கட் தின்றேன். திரும்பி வந்து விரலில் குத்தி, மெஷினில் இரத்தச் சீனி பார்த்தேன். ஆறு.

அவர் பிரெஞ்சில் கேட்டார்: "ஏன் ஒளிச்சுச் சாப்பிடுறியள்? வருத்தக்காரருக்கு நோன்பு இல்லைத்தானே."

என் சால்வையெங்கும் பிஸ்கட் தூள். கூசிப்போனேன். அவர் குரலைத் தாழ்த்தினார். "எனக்கும் சலரோகம்தான். டொக்டர் நோன்பு பிடிக்க வேண்டாமெண்டவர், நான்தான் ஒளிச்சுப் பிடிக்கிறன். ஸ்டேஷனுக்கு மகன் வருவான், சொல்லிப்போடாதேங்கோ."

தலையாட்டினேன். ஒரு மணி நேரம் போயிருக்கும். அவர் நெற்றி வியர்த்தது, கைகள் நடுங்கின. "எனக்கும் ஒருக்காப் பாருங்கோ" என்று விரலை நீட்டினார். 3.2, மூன்று தசம் இரண்டு.

"ஐயோ, நல்லாக் கூடிப்போச்சு!" என்று கைப்பையிலிருந்து இன்சுலின் ஊசியை எடுத்தார். ஊசியால் நோன்பு முறியாதாம்.

கனடாவில் அந்த எண் ஆபத்தான குறைவு. இவர்கள் வேறு அளவில் பார்க்கிறார்கள், அதில் மூன்றென்றாலே மிக அதிகம் என்பது அப்போதுதான் உறைத்தது. எட்டி அவர் கையைப் பிடித்தேன்.

"வேண்டாம்! குறைஞ்சு கிடக்கு, கூடேல்லை!"

பதற்றத்தில் என் மொன்றியல் பிரெஞ்சு அவருக்குப் புரியவில்லை. கையை உதறினார். எனக்கும் ஒரு கணம் சந்தேகம் வந்தது. நான்தான் பிழையோ? பிழையென்றால்? மெஷினில் என் பழைய கணக்கைத் தேடி எடுத்துக் காட்டினேன்.

"பாருங்கோ, எனக்கு ஆறு. உங்கடை கணக்கிலை ஆறெண்டா நான் இப்பிடி இருந்து கதைப்பனோ?"

அவர் என்னையும் எண்ணையும் மாறி மாறிப் பார்த்தார். ஊசியைக் கீழே வைத்தார். நோன்பு துறக்க இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. நான் நீட்டிய ஜூஸை, ஜன்னல் பக்கம் திரும்பி, கண் கலங்கக் குடித்தார். நடுக்கம் நிற்கும்வரை அவர் மணிக்கட்டை நான் விடவில்லை.

ஃபெஸ்ஸில் அவர் மகன், நான் இறக்கிக் கொடுத்த பயணப்பெட்டியை வாங்கிக்கொண்டு எனக்கு நன்றி சொன்னார். "அம்மா சுகமா வந்தவவோ?"

தாய் என்னைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

மகனின் முகம் இருண்டது. தாயை அரபியில் ஏதோ ஏசினார். அந்தப் பெண் தன் கைப்பையை அணைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

மொன்றியலுக்கு வந்தும் அந்த முதுகு மனதைவிட்டுப் போகவில்லை. வாக்குத் தவறியது பிழைதான். ஆனால் சொல்லாமல் விட்டிருந்தால், அடுத்த நாளும் அவர் நோன்பிருந்திருப்பார். பக்கத்தில் ஆரும் இருந்திருக்க மாட்டார்கள்.