முக்கு வீட்டு மதில்

மெஹராஜ் பேகத்தின் வாய்க்குப் பயப்படாத ஆள் ஆலங்கரையில் கிடையாது. ஆனால் வாய்க்கால் ரோடு மெயின்ரோட்டில் வந்து ஏறும் முக்கில் யாராவது அடிபட்டு விழுந்தால், சொம்புத் தண்ணீரோடு முதலில் ஓடி வருகிறவளும் அவள்தான். வீடு அந்த முக்கிலேயே இருந்தது. டமால் என்று சத்தம் கேட்டதும் அடுப்பை அணைத்துவிட்டு, வெள்ளைத் துப்பட்டியைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிடுவாள். அடிபட்டவன் ஒரு வாய் குடித்து முடிக்கிற வரைக்கும்தான் இரக்கம். குடித்து முடித்ததும் திட்டு ஆரம்பமாகிவிடும்.

"கண்ணை எங்கடா வச்சிருந்தே? இம்மாம் பெரிய ரோட்டுல வர்ற வண்டி தெரியாதா உனக்கு?"

விழுந்தவர்கள் எல்லோரும் பேசி வைத்துக்கொண்டது போல ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். "பாத்துட்டுத்தான் வந்தேன் பாயம்மா. ஒண்ணும் வரல."

"ஒண்ணும் வராமத்தான் ரோட்டுல கிடக்குறியா?" என்பாள். வாங்கிய காயத்தைவிட இந்தக் கேள்விதான் அதிகம் எரிகிறது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

அவள் திட்டியதற்கு ஒரு காரணம் இருந்தது. தினமும் மொட்டை மாடியில் துணி காயப்போடுகிறவள் அவள். அங்கே நின்றால் திருத்துறைப்பூண்டிப் பக்கம் பாலம் வரைக்கும், முத்துப்பேட்டைப் பக்கம் ரைஸ்மில் வரைக்கும் ரோடு பளிச்சென்று தெரியும். வாய்க்கால் ரோட்டில் வரும் சைக்கிளும் தெரியும், மெயின்ரோட்டில் வரும் லாரியும் தெரியும். இரண்டும் ஒன்றையொன்று பார்க்காமல் முக்கை நோக்கி வருவதை அவள் பல தடவை பார்த்திருக்கிறாள். எனக்குத் தெரிகிறது, இவர்களுக்கு ஏன் தெரியவில்லை என்று அவளுக்கு ஆத்திரமாக வரும்.

வீட்டைக் கட்டியவர் அவள் கணவர் பக்கீர் முகம்மது. சவுதியில், தம்மாமில் வெல்டர். வெயிலில் இரும்பை உருக்கிய காசில் அவர் முதலில் வாங்கியது இந்த மனையைத்தான். முக்கு மனை என்றால் அப்போது எல்லோருக்கும் ஒரு கிறுக்கு. இரண்டு பக்கம் ரோடு, நாளைக்குக் கடை வைத்தாலும் ஆச்சு. வீடு எழும்பியதும் சுற்றிலும் மதில் எடுத்தார். பஸ்ஸில் போகிறவன் எட்டிப் பார்த்தாலும் உள்ளே தெரியக்கூடாது என்று கொத்தனார் பஞ்சநதத்திடம் சொல்லிச் சொல்லி உயர்த்தினார். நீலப் பெயிண்ட் அடித்தார். "இனிமே முத்தத்துல துப்பட்டி இல்லாம நடக்கலாம், சரியா?" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு விமானம் ஏறினார். மெஹராஜுக்கு அந்த மதில் மேல் உயிர். உள்ளே, முக்கை ஒட்டித் துணி துவைக்கும் கல்லைப் போட்டுக்கொண்டாள். தலையில் துணியில்லாமல், காற்று பட, பாட்டு முணுமுணுத்துக்கொண்டு துவைப்பாள். வேறெங்கே அவளால் அப்படி நிற்க முடியும்?

மதில் கட்டின காலத்தில் அந்த ரோட்டில் பஸ்ஸைத் தவிரப் பெரிதாக எதுவும் வராது. பஸ்ஸும் பாலத்தில் ஏறும்போதே ஹாரன் அடித்துக்கொண்டுதான் வரும். ஆலங்கரைக்காரர்கள் ரோட்டைக் கடந்தது கண்ணால் இல்லை, காதால். சத்தம் கேட்டால் நிற்பார்கள், கேட்காவிட்டால் போய்க்கொண்டே இருப்பார்கள். பிறகு வெளிநாட்டுப் பணம் வந்தது, தவணைக்கு பைக் வந்தது, மூடி போட்ட வேன்களும் சத்தமே போடாத கார்களும் வந்தன. ரோட்டை அகலப்படுத்தி வழுவழுவென்று போட்டார்கள். எல்லாம் மாறியது, ஊர்க்காரர்களின் காது மட்டும் பஸ் ஹாரனுக்கே காத்திருந்தது.

முக்கில் 'நில்' போர்டு வைக்கச் சொல்லி மனுக் கொடுத்ததே மெஹராஜ்தான். அலைந்து திரிந்து, அதிகாரிகளிடம் வாயடித்து, சிவப்பு போர்டைக் கொண்டுவந்து நட வைத்தாள். இனி ஒருத்தனும் விழமாட்டான் என்று ஊர் முழுக்கச் சொன்னாள். போர்டு வந்த பிறகும் விழுந்தார்கள். நிற்காமல் போனவன் விழுந்தால் சரி, அவன் தலையெழுத்து. நின்றுவிட்டுப் போனவனும் விழுந்தான். முக்கில் முனி இருக்கிறது என்று பேச்சுக் கிளம்பியது. அமாவாசைக்கு யாரோ பூசணிக்காய் உடைத்தார்கள். அடுத்து விழுந்தவன் அந்தப் பூசணிக்காயில் வழுக்கித்தான் விழுந்தான்.

குறுவை அறுப்பு நடந்துகொண்டிருந்தபோது செம்மொழி அடிபட்டாள். ஐயாவுவின் மகள், நர்சிங் படிக்கிறவள். வாய்க்கால் ரோட்டுக் கடைசியில் அவர்கள் வீடு. கூலிக்கு நாற்று நட்ட குடும்பம் இப்போது சொந்தமாகக் கொஞ்சம் நிலம் பார்த்து, மகளைப் படிக்கவும் வைத்திருந்தது. மெயின்ரோட்டில் பாதிக்கு நெல்லைக் கொட்டிக் காயவைத்திருந்தார்கள். அதை ஒதுக்கிக்கொண்டு மதிலை உரசினாற்போல் வந்த வேன், முக்கில் ஏறிய சைக்கிளைத் தட்டிவிட்டது. செம்மொழிக்குக் கால் முறிந்தது. பரீட்சையும் போயிற்று.

"போர்டுகிட்ட நின்னேன் பாயம்மா. காலை ஊனி நின்னேன்," என்றாள் அவள், தண்ணீர்ச் சொம்பைப் பிடிக்க முடியாமல்.

"நின்னவளுக்கு ஏன்டி வண்டி தெரியல?"

செம்மொழி அப்பாவைப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற ஐயாவு தலையைக் குனிந்துகொண்டார்.

அந்த வருஷம்தான் மெஹராஜ் ஸ்கூட்டி வாங்கினாள். மகள் நுஸைபாவை ஏற்றிப்போன பள்ளி வேன் நின்றுபோனது. இன்னொருவரிடம் கெஞ்ச அவளுக்கு இஷ்டமில்லை. பள்ளிவாசலுக்குப் பின்னால் இருந்த பொட்டலில் விழுந்து எழுந்து ஓட்டக் கற்றுக்கொண்டாள். முதல் நாள் மகளைப் பின்னால் உட்கார வைத்து வாசற்கேட்டைத் தாண்டி, வாய்க்கால் ரோட்டில் நாலடி வந்து, போர்டருகில் வண்டியை நிறுத்தினாள். அவள் வைத்த போர்டு, அவள் நிற்காமல் போவாளா?

இடது பக்கம் பார்த்தாள், காலி. வலது பக்கம் பார்த்தாள், நீலமாக இருந்தது. வேறொன்றும் இல்லை. காதைக் கொடுத்துக் கேட்டாள், பஸ் சத்தமும் இல்லை. வண்டியை நகர்த்தினாள்.

முன்சக்கரம் மெயின்ரோட்டில் ஏறியதுதான் தாமதம், மதிலுக்குள்ளிருந்து புறப்பட்டது போல ஒரு பைக் வந்து, கிரீச்சென்று வளைந்து, மயிரிழையில் விலகிப் போனது. நுஸைபா வீரிட்டாள். ஸ்கூட்டி சாய்ந்து, மெஹராஜ் முழங்கையால் தரையைத் தாங்கினாள். பைக்கில் வந்தவன் திரும்பிப் பார்த்துக் கத்தினான்.

"கண்ணை எங்கம்மா வச்சிருக்கீங்க?"

'பாத்துட்டுத்தான் வந்தேன்' என்று அவள் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வந்ததை அப்படியே விழுங்கினாள். மகளைத் தடவிப் பார்த்து, அணைத்துக்கொண்டு, திரும்பித் தன் மதிலைப் பார்த்தாள். இத்தனை வருஷமாக அதை உள்ளேயிருந்தும் மாடியிலிருந்துமே பார்த்தவள். போர்டு நட்ட இடத்தில் நின்று, ரோட்டில் ஏறப்போகிறவளாகப் பார்த்தது அன்றுதான்.

நுஸைபாவை வீட்டில் விட்டுவிட்டு, நடந்தே ஐயாவு வீட்டுக்குப் போனாள். கட்டுப் போட்ட காலை நீட்டி செம்மொழி உட்கார்ந்திருந்தாள்.

"ஐயாவு அண்ணே, ஒண்ணு கேக்குறேன், மழுப்பாம சொல்லுங்க. எம் மதில் மறைக்கிறது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

ஐயாவு துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைக்க ஒன்றும் இல்லை. "தெரியும் பாயம்மா. அதுல போய் வர்ற எல்லாருக்குமே தெரியும்."

"பின்னே ஏன் ஒருத்தரும் சொல்லல? நான் வாய்க்கு வந்தபடி திட்டினேனே, அப்பவாவது சொல்ல வேணாமா?"

"எப்படிச் சொல்றது? அடிபட்டா ஓடியாந்து தண்ணி குடுக்குறது நீங்க. ஆட்டோவுக்கு ஆள் அனுப்புறது நீங்க. குடுத்த தண்ணியக் குடிச்சுட்டு, உன் மதில்தான் என்னை அடிச்சுதுன்னு சொல்ல முடியுமா? அதான் முனின்னு சொல்லிக்கிட்டோம்."

மெஹராஜுக்கு அழுகை முட்டியது. அழுதால் மறுபடி யாராவது ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கும் என்று அடக்கிக்கொண்டாள். செம்மொழியின் காலைத் தொட்டுப் பார்த்தாள். "இதுக்கு மேல இந்த முக்குல ஒருத்தர் விழ மாட்டாங்க," என்றாள். போர்டு வைத்தபோதும் அவள் இதையே சொன்னாள் என்பது மூன்று பேருக்கும் நினைவிருந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து பக்கீர் முகம்மது போன் செய்தார். நடந்ததைச் சொன்னாள். மகள் பிழைத்ததற்கு அல்லாவுக்கு நன்றி சொன்னார். மதிலை முக்கில் இடித்து இடுப்பளவுக்கு இறக்கப் போகிறேன் என்றதும் குரல் மாறியது.

"பைத்தியமா உனக்கு? அந்த மதிலுக்காக நான் எத்தனை பெருநாளை இங்கயே கழிச்சேன், தெரியுமா? ரோட்டுல போறவன் பாத்துப் போகட்டும்."

"பாத்தாலும் தெரியலீங்க. நானே பாத்துட்டு வந்துதான் விழுந்தேன்."

"நீ ஸ்கூட்டி ஓட்டாதே, முடிஞ்சுது."

"நான் ஓட்டல. சரி. செம்மொழி சைக்கிளையும் நிறுத்திடலாமா? ஐயாவு அண்ணன் வயலுக்குப் போறதையும் நிறுத்திடலாமா?"

"நான் லீவுல வந்து பேசிக்கலாம். அதுவரைக்கும் ஒரு செங்கல் அசையக்கூடாது."

"நீங்க வர்றதுக்குள்ள இன்னொருத்தர் செத்துப்போனா, மையத்தாக் கிடக்குறவங்களுக்கு நான் எந்த முகத்தோட தண்ணி கொண்டு போவேன்? நாளைக்கு கொத்தனார் வர்றார். உங்ககிட்ட மறைச்சுச் செய்யக்கூடாதுன்னுதான் சொல்றேன்."

மறுமுனையில் போன் வைக்கப்பட்டது.

பஞ்சநதம் வந்தார். மதிலைச் சுற்றிச் சுற்றி வந்தார். "பாய் வந்தா என் கழுத்தைப் புடிப்பாரே. நானே எழுப்புன மதில் வேற. கை வரலங்கம்மா," என்று கரண்டியைத் துடைத்துப் பைக்குள் போட்டார். மெஹராஜ் கொல்லையிலிருந்து கடப்பாரையைத் தூக்கிவந்து, முக்கில் ஓங்கி ஒரு போடு போட்டாள். பூச்சுதான் உதிர்ந்தது. இரண்டாவதற்கு ஓங்கும்போது பஞ்சநதம் ஓடிவந்து கடப்பாரையைப் பிடித்துக்கொண்டார். "விடுங்கம்மா, மேல இருந்து எடுக்கணும். இப்படி இடிச்சா உங்க காலுலதான் விழும்," என்று திட்டிக்கொண்டே சாரம் கட்டி ஏறினார்.

செங்கல் செங்கலாக இறங்கியது. இரண்டு ரோட்டுப் பக்கமும் கடைசி வரைக்கும் இடுப்பளவு மதில்தான் மிஞ்சியது. மிஞ்சியதற்கு, ராத்திரியிலும் தெரியட்டும் என்று வெள்ளை அடிக்கச் சொன்னாள். துவைக்கிற கல்லைப் புரட்டிக் கொல்லைப்பக்கம் கொண்டுபோனார்கள். நெருக்கி நின்ற பின்மதிலால் கொல்லையில் காற்றும் இல்லை, வெளிச்சமும் இல்லை. முற்றத்துக்கு வந்தால் துப்பட்டி போட்டுக்கொள்ள வேண்டும். அவளுக்கு அது வருத்தம்தான். இல்லை என்று யாரிடமும் பொய் சொல்லவில்லை. முதல் வாரம் முழுக்கப் பஸ்ஸில் போகிறவர்கள் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார்கள். அவளும் முறைத்துப் பார்த்தாள். பிறகு அவர்களுக்கு அலுத்துவிட்டது.

சம்பா அறுப்புக்கு ஐயாவு தானாகவே நெல்லை முக்கிலிருந்து தள்ளி, ரைஸ்மில் பக்கம் கொண்டுபோய்க் காயவைத்தார். மற்றவர்களையும் அதட்டித் தள்ள வைத்தார். பக்கீர் முகம்மது மறுபடி போன் செய்யத் தொடங்கியிருந்தார். மகள் படிப்பைக் கேட்டார், மழையைக் கேட்டார். மதிலைப் பற்றி அவரும் கேட்கவில்லை, அவளும் எடுக்கவில்லை. அவள் வாயால் சொன்னாளே தவிரச் செய்திருக்கமாட்டாள் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். கோபத்தில் வைத்த போனுக்கு அவ்வளவு பலம் உண்டென்று ஆண்களுக்கு ஒரு நினைப்பு.

லீவில் வருகிற அன்று திருச்சியிலிருந்து வாடகை வேனில் வந்தார். மெஹராஜ் துப்பட்டியைப் போட்டுக்கொண்டு, தண்ணீர்ச் சொம்போடு முற்றத்தில் நின்றாள். சொல்ல வேண்டியதை எல்லாம் மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தாள். பாலத்தில் வெள்ளை வேன் ஏறி இறங்குவது தெரிந்தது. வீடு வந்துவிட்டதே, வேகத்தைக் குறைக்கக் காணோமே என்று நினைத்தவள் தற்செயலாக இந்தப் பக்கம் திரும்பினாள். வாய்க்கால் ரோட்டில் செம்மொழி சைக்கிளில் வந்துகொண்டிருந்தாள். கட்டுப் பிரித்துக் காலேஜுக்குப் போகத் தொடங்கியிருந்தாள்.

மாடியிலிருந்து பார்த்த அதே காட்சி. மெஹராஜ் சொம்போடு மதிலை நோக்கி ஓடினாள்.

செம்மொழி போர்டருகில் காலை ஊன்றினாள். வலது பக்கம் திரும்பினாள். தாழ்ந்த மதிலுக்கு மேலே வேனைப் பார்த்தாள். அப்படியே நின்றாள். வேன் டிரைவரும் அவளைப் பார்த்துவிட்டு பிரேக்கை மிதித்தார். வேன் தேய்த்துக்கொண்டு வந்து, முக்கைச் சற்றுத் தாண்டி நின்றது.

"என்ன பாய், உயரமா நீல மதில் வரும், அங்க திரும்பணும்னீங்க? நீங்களும் கண்ணசந்துட்டீங்க, ஒண்ணையும் காணோமேன்னு அமுக்கிட்டேன். நல்லவேளை, பொண்ணு தலை தெரிஞ்சுது," என்று டிரைவர் நெற்றியைத் துடைத்தார்.

பக்கீர் முகம்மது இறங்கினார். முகத்தில் ரத்தம் இல்லை. செம்மொழியைப் பார்த்தார். வேனைப் பார்த்தார். மதில் இருந்த இடத்தைப் பார்த்தார்.

"வாங்க பாய், நல்லா இருக்கீங்களா?" என்றாள் செம்மொழி. இரண்டு பக்கமும் மறுபடி ஒரு தடவை பார்த்துவிட்டு ரோட்டைக் கடந்து போனாள்.

அவர் நடந்து வந்து வெள்ளை மதிலின் மேல் கையை வைத்தார். மதிலுக்கு இந்தப் பக்கம் மெஹராஜ். அடுக்கி வைத்த ஒரு வார்த்தையும் அவளுக்குத் தேவைப்படவில்லை.

"துவைக்கிற கல்லு?" என்றார், முற்றத்தை எட்டிப் பார்த்து.

"பின்னால போட்டுட்டேன். வெளிச்சம் பத்தல."

"அங்க மதில்ல உயரமா ஒரு ஜன்னல் வச்சுக் குடுக்கச் சொல்றேன் பஞ்சநதத்தை," என்று கையை நீட்டினார்.

அவள் சொம்பை மதிலுக்கு மேலாகக் கொடுத்தாள். அந்த முக்கில் அவள் கொடுத்த தண்ணீரை ஓர் ஆள் நின்றபடியே வாங்கிக் குடித்தது அதுதான் முதல் தடவை.