மைனஸ் ஒரு டிகிரி

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். இயற்பியல் படித்தவள் நான். வேறு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். ஆனால் அன்று அளவெடுத்தது என் கை.

மர்ம வெளிச்சம், பறக்கும் தட்டு என்று வரும் புகார்களை விசாரிக்கும் ராணுவப் பிரிவில் எனக்கு வேலை. பலூன், விமானம், கிரகம். பெரும்பாலும் இவ்வளவுதான். பார்த்தவரை அதே இடத்தில், அதே நேரத்தில் நிறுத்துவோம். அவர் கை நீட்டும் உயரத்தைக் கோணமானியால் அளந்து படிவத்தில் எழுதுவோம். காரணம் தானாகக் கிடைத்துவிடும்.

அந்த முறை பார்த்தவர் ஒரு ரயில்வே கேட் காவலர். நாற்பது வயது அக்கா. தண்டவாளத்துக்கு மேலே ஏதோ வெளிச்சம் தெரிய, சிவப்பு விளக்கைக் காட்டி ரயிலை நிறுத்திவிட்டார். அங்கே யாருமில்லை. பயணிகள் பறக்கும் தட்டு என்று கிளப்பிவிட, விவகாரம் எங்களிடம் வந்தது. எங்கள் அறிக்கையை வைத்துத்தான் அக்காவின் வேலை நிலைக்குமா, போகுமா என்று முடிவாகும்.

"ரெண்டு பிள்ளைங்க படிக்குதுங்கம்மா. பொய் சொல்றேன்னு மட்டும் எழுதிடாதீங்க."

"பொய்னு யாரு சொன்னா?" என்றார் என்னோடு வந்திருந்த என் மேலதிகாரி, மேஜர். "நானே நிலாவத் துரத்திட்டுப் போய் ஜீப்ப வாய்க்கால்ல விட்டவன்தான்."

அக்கா சிரிக்கவில்லை.

மாலை 6:44. கேட் அறையின் மாடியில் அக்காவும் நானும் நின்றோம். மேஜர் கீழே அறைக்குள் விமானத் தளத்தோடு போனில் பேசிக்கொண்டிருந்தார்.

6:46. பூச்சிகளின் சத்தம் சட்டென்று நின்றது.

6:47.

"அதோ..."

எனக்கும் தெரிந்தது. சின்ன மஞ்சள் வெளிச்சம். கோணமானியைப் பார்த்தேன். மைனஸ் ஒன்று. அப்படியென்றால் அது வானத்தில் இல்லை. அடிவானத்துக்குக் கீழே... தரையில்.

கையில் பிடித்த விளக்கின் உயரம் என்று வைத்துக் கணக்குப் போட்டேன். நூற்று நாற்பது மீட்டர்.

அது ஆடியது. இடது... வலது... யாரோ நடப்பதுபோல.

சரளைக்கல் மிதிபடும் சத்தம். சரக்... சரக்...

வெளிச்சம் அத்தனை தூரத்தில்.

சத்தம் எங்கள் காலடியில்.

நின்றது.

வெளிச்சமும் அணைந்தது.

மேஜர் மாடிக்கு ஏறி வந்தார். "ஆறே முக்காலுக்கு ஒரு விமானம் எறங்கியிருக்கு. கோணம் என்ன?"

"மைனஸ் ஒண்ணு சார்."

"வானத்துல ஏதும்மா மைனஸ்? கை நடுங்கியிருக்கும். அந்தம்மா பொழைக்கணுமா, வேணாமா? ஒண்ணுன்னு போடு."

படிவத்தில் மைனஸ் குறிக்க இடமே இல்லை. எதிர்த்துப் பேசியும் எனக்குப் பழக்கமில்லை. ஒன்று என்று எழுதினேன். காரணம்: தரையிறங்கும் விமானத்தின் விளக்கு.

அக்காவின் வேலை பிழைத்தது. ஒரே நிபந்தனை: இனி வெளிச்சத்தைப் பார்த்து ரயிலை நிறுத்தக்கூடாது. என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அதிலிருந்து பதினோராம் நாள் அக்கா ரயிலில் அடிபட்டு இறந்துபோனார்.

மறுபடி வெளிச்சம் தெரிந்திருக்க வேண்டும். ரயிலை நிறுத்தத் துணிச்சல் வரவில்லை போலிருக்கிறது. கேட்டை மூடிவிட்டு, தன் விளக்கை எடுத்துக்கொண்டு தானே பார்க்கப் போயிருக்கிறார். நேரம் 6:47. கேட்டிலிருந்து நூற்று நாற்பது மீட்டர்.

விபத்து அறிக்கையின் நகல் எங்களுக்கும் வந்தது. தூரத்தைத் தற்செயல் என்று சொல்லிக்கொள்ளலாம். நேரத்தையும்கூட. ஆனால் கடைசிப் பக்கத்தில் ரயில் ஓட்டுநரின் வாக்குமூலம் இருந்தது.

"ரெண்டு விளக்கு பக்கத்துல பக்கத்துல நடந்து வந்துச்சு. ஹாரன் அடிச்சேன். ஒண்ணு வெலகப் பாத்துச்சு. இன்னொண்ணு விடல."