மனப்பாடமாய்ச் சொன்ன பதில்

பச்சையம்மா பழவேற்காட்டு ஏரிக்கரையில் தோணிரேவு என்ற ஊர்க்காரி. ஏரியில் தவழ்ந்து, சேற்றில் கைவிட்டுத் துழாவி இறால் பிடிக்கிற சனத்தில் பிறந்தவள். பிடித்ததைப் போட்டுக்கொள்ளும் ஓலைப்பறியை அந்தப் பெண்கள் பல்லில் கடித்துக்கொண்டிருப்பார்கள். இரண்டு கையும் சேற்றில், வாயில் பறி. ஏரியில் இறங்கிவிட்டால் பேச்சே கிடையாது. கிறிஸ்து வேதத்தில் சேர்ந்தபிறகு அவளுக்கு இது பெரிய சங்கடமாகப் போயிற்று. வேதபாடக் கேள்வி பதிலை ஓயாமல் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது உபதேசியார் தாவீது போட்ட கட்டளை.

பழவேற்காட்டில் உலாந்தாக்காரர், அதாவது டச்சுக்காரர், கோட்டை கட்டி ஆண்ட காலம் அது. அவர்களுடைய பாதிரியாருக்குத் தமிழ் வராது. அவர் சொல்வதைத் தமிழாக்கிச் சொல்லிக்கொடுப்பது உபதேசியார் வேலை. "நீ யாருக்கு உரியவள்?" என்பது முதல் கேள்வி. "வாழ்ந்தாலும் செத்தாலும் என் எஜமானுக்கே உரியவள்" என்பது பதில். ஆண்டவர் என்று போட்டிருக்கலாம், கர்த்தர் என்று போட்டிருக்கலாம். எஜமான் என்றால்தான் பணிவாக இருக்கிறது என்று உபதேசியாருக்குத் தோன்றியது, போட்டுவிட்டார். மகராசன், நன்றாக இருக்கட்டும்.

"இன்னா ஐயா, ஒன்னையே எத்தினி வாட்டி சொல்றது?" என்று பச்சையம்மா ஒருநாள் கேட்டே விட்டாள்.

"நேத்து துன்னோமேன்னு இன்னிக்கு சோத்த வுட்டுடுறியா? பயம் வந்தா புத்தி ஓடிப்பூடும்மா. வாய்க்குப் பழகினதுதான் அப்ப வெளிய வரும்" என்றார்.

அவர் சொன்னது பொய்யில்லை. புருஷனை வாந்திபேதி கொண்டுபோன அன்று அவளுக்கு ஒப்பாரி வரவில்லை. அந்தப் பதில்தான் வந்தது. யாரோ தோளைப் பிடித்து நிறுத்தியதுபோல் இருந்தது அவளுக்கு. அதன்பிறகு மகள் பவுனம்மாளுக்கும் அதையே ஊட்டி வளர்த்தாள். ஏரிக்குப் போகும்போதும் கரையேறி வரும்போதும் தாய் கேட்பாள், மகள் கைகட்டிப் பதில் சொல்வாள். பன்னிரண்டு வயதில் பவுனு திக்காமல் சொல்வதைக் கேட்டு உபதேசியாரே மெச்சினார்.

பிறகு மழை பொய்த்தது, அடுத்த வருஷமும் பொய்த்தது. ஏரி சுண்டி, இறால் அற்றுப்போயிற்று. பஞ்சம் வந்தால் ஆள்பிடிக்கிறவனுக்குக் கொண்டாட்டம்தானே. பொன்னேரிப் பாதையில் கஞ்சி ஊற்றுகிறார்கள் என்று கேள்விப்பட்டுச் சட்டியோடு போன பவுனு வீடு திரும்பவில்லை. கஞ்சி ஊற்றியவன் அடிமை விற்கும் தரகன்.

ஊர் ஊராய் அலைந்து பச்சையம்மா முகத்துவாரத்துக்கு வந்து சேர்ந்தபோது, பிடித்த ஆட்களைக் கப்பலுக்கு ஏற்றிப்போகப் படகுகள் காத்திருந்தன. நியாயம் என்று ஒன்றே ஒன்று பாக்கியிருந்தது. படகில் ஏற்றும்முன் ஒவ்வொருவரையும் அதிகாரி விசாரிப்பார். நான் இன்னார் பிள்ளை, என்னைத் தூக்கிவந்துவிட்டார்கள் என்று சொன்னால் விட்டுவிட வேண்டும். கூட்டத்தைத் தடுக்கக் கட்டிய கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்ற பச்சையம்மா அதைத்தான் மலைபோல நம்பினாள். பவுனு தாயின் பேரைச் சொன்னால் போதும், வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடலாம்.

"அம்மா பேரச் சொல்லுடி! தோணிரேவுன்னு சொல்லுடி!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். அவளைப்போல எத்தனையோ தாய்மார் அங்கே கத்திக்கொண்டிருந்தார்கள். யார் குரல் யார் காதில் விழும்?

அதிகாரிக்கு மொழிபெயர்த்த துபாஷி வெளியூர்க்காரன். வாயைத் திறந்தால் ஏட்டுத்தமிழ். "யார் வூட்டுப் பொண்ணு நீ?" என்று நம் பக்கத்துப் பேச்சில் கேட்டிருந்தால் குழந்தை பளிச்சென்று சொல்லியிருக்கும். அவனோ தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "நீ யாருக்கு உரியவள்?" என்றான்.

அதுவரை வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தாள் பவுனு. தெரிந்த கேள்வி காதில் விழுந்ததும் நடுக்கம் நின்றது. கைகட்டினாள். "வாழ்ந்தாலும் செத்தாலும் என் எஜமானுக்கே உரியவள்" என்றாள்.

தரகன் சிரித்தே விட்டான். எஜமானுக்கு உரியவளாம் என்று துபாஷி சொன்னதைக் கேட்டு அதிகாரி தலையசைத்தார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

பச்சையம்மாவுக்கு ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. மகள் கைகட்டியதைப் பார்த்தாள், உதடு அசைந்ததைப் பார்த்தாள். எந்தப் பதில் என்று அவளுக்குத் தெரியாதா?

அதிகாரிக்கு விளக்கிச் சொல்ல உபதேசியாரை இழுத்துக்கொண்டு அவள் திரும்பி வருவதற்குள் படகு போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அவர் பவுனைப் புகழ்ந்தார். அஞ்சாமல் விசுவாசத்தை அறிக்கை பண்ணின பிள்ளை என்றார். பச்சையம்மா எழுந்து நின்றாள்.

"எம்பொண்ணு அறிக்கை பண்ணல ஐயா. நாம பழக்கின பதில சொல்லிச்சு."

"அது சரியான பதில்தானேம்மா" என்றார் அவர்.

சரியான பதில்தான். அதுதான் வயிற்றெரிச்சல்.

வேதத்தை அவள் விடவில்லை. ஆனால் அதற்குப்பிறகு ஏரிக்கரையில் அகப்படுகிற பிள்ளைகளையெல்லாம் பிடித்து நிறுத்துவாள். "யாருக்கு உரியவன், யாருக்கு உரியவள்னு எவன் கேட்டாலும் இன்னா சொல்லணும்?"

"ராஜம்மா பொண்ணு, தோணிரேவு."

"லட்சுமி புள்ள, சுண்ணாம்புக்குளம்."

தடுமாறினால் மறுபடி கேட்பாள். சலித்துக்கொண்டாலும் மறுபடி கேட்பாள். பைத்தியம் என்று யாரும் சொல்லவில்லை. கூட இறால் பிடிக்கிற பெண்கள் தாங்களே பிள்ளைகளை அனுப்பிவைத்தார்கள். சுற்றுவட்டாரத்துத் தாய்மார் பேரெல்லாம் அந்தக் கரையில் பிள்ளைகள் வாயில் கேட்டுக்கொண்டே இருந்தது. பச்சையம்மா பேரைச் சொல்லத்தான் பிள்ளை இல்லை.