அக்காவுக்கு எடுத்த திருத்தணிப் படங்கள்

சர்க்கரை என் கண்ணைப் பறித்துவிட்டது என்றுதான் முதலில் நம்பினேன். அரக்கோணத்தில் படுக்கையாகிவிட்ட அக்கா கேட்டதால், திருத்தணிப் படியேறி, கோபுரத்தையும் சுற்று மலைகளையும் புதுக் கேமராவில் எடுத்து வந்து அவள் டிவியில் போட்டேன். எல்லாம் வெள்ளை. வேர்த்து விறுவிறுத்துச் சுவரைத் தடவினேன்.

“அக்கா, உனக்குத் தெரியுதா?”

“ஆங், ஒரே பனி. சித்திரை வெயில்ல பனிய எங்கடா புடிச்ச, திருட்டுப்பயலே?”

அவளுக்கும் சர்க்கரை. இருவருக்கும் ஒரே நாளில் கண் போய்விட்டதென்று டாக்டரிடம் ஓடினேன். அவர் கண்ணில் ஒன்றுமில்லை என்று சிரித்து அனுப்பினார்.

வீட்டுக்கு வந்து கேமராவைப் பார்த்தேன். முதல் படியில் கற்பூரம் ஏற்றி புதுக் கேமராவுக்கு நானே பக்தியோடு பூசிய விபூதி, லென்ஸ் கண்ணாடியின் நடுவில் கட்டைவிரல் அகலத்துக்கு அப்பியிருந்தது. துடைத்துவிட்டு மறுபடி மலையேறுவதற்குள் அக்கா போய்விட்டாள்.

இப்போதெல்லாம் விபூதியைக் கேமராப் பைக்குத்தான் பூசுகிறேன். அக்கா கடைசியாகப் பார்த்த திருத்தணி, என் கட்டைவிரல் விபூதிதான்.