பையில் கடிதம், கையில் படிவம்

தலைமையாசிரியை வேலை என்பது காலையில் மோட்டார் ஓடவில்லை என்பதில் தொடங்கி, மாலையில் கேட் சாவியைக் காணோம் என்பதில் முடியும். நடுவில் பள்ளிக்கூடமும் நடக்கும். இதே நாற்காலியில் அவதிப்படும் சகோதரிகளே, உங்களுக்காவது என் குழப்பம் புரிகிறதா பாருங்கள்.

ஊக்கம் தரும் பயிற்சி

வேலூரில் பெண் தலைமையாசிரியர்களுக்கு மன உறுதிப் பயிற்சி. ஆம்பூரிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். ‘இந்தப் பதவியில் உங்களை நிலைக்க வைப்பது எது?’ என்று ஒரு படிவம் கொடுத்து, அடுத்த சனிக்கிழமை எழுதி வரச் சொன்னார்கள். என் பையிலோ, ‘இந்தப் பொறுப்பு வேண்டாம், பழையபடி கணக்கு டீச்சராகவே விட்டுவிடுங்கள்’ என்று நானே எழுதிய கடிதம். சாக்பீஸைத் தொட்டு ஒரு வருடமாகிறது, நிஜமாகவே ஏக்கமாக இருந்தது. பக்கத்தில் இருந்த வாணியம்பாடி தலைமையாசிரியை நஸீமாவிடம், என்ன எழுதப் போகிறீர்கள் என்று கேட்டேன்.

“அது தெரிஞ்சா நான் இன்னாத்துக்கு டீச்சர் இங்க வந்து உக்காந்திருக்கேன்?”

கம்பெனி வாசல்

திங்கட்கிழமை மதியம், கடிதத்தைக் கொடுத்தே தீருவதென்று கல்வி அலுவலகத்துக்குக் கிளம்பினேன். வழியில்தான் ஷூ கம்பெனி. பத்தாம் வகுப்பு கௌசல்யா பத்து நாளாக வரவில்லை. அவள் அம்மா செல்விக்கு அங்கே தையல் பிரிவில் வேலை. சாப்பாட்டு இடைவேளையில் வாசலிலேயே பிடித்தேன். மூன்று வயதுத் தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை, அதனால் பெண்ணை நிறுத்திவிட்டாராம். பள்ளிக்கு அடுத்த கட்டடமே அங்கன்வாடி, அவனை அங்கே விடுங்கள், நான் ஒரு கண் வைத்துக்கொள்கிறேன் என்றேன். செல்வி டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே சொன்னார்.

“உங்க மொகத்துக்காகத்தான் மேடம் அனுப்புறேன். நீங்க மாறிப் போய்ட்டீங்கன்னா மறுநாளே ரெண்டு பேரையும் நிறுத்திடுவேன்.”

சனிக்கிழமை

அது நன்றியா, மிரட்டலா? கடிதத்தைப் பற்றி அவரிடம் நான் மூச்சே விடவில்லையே! அலுவலகம் போகாமல் திரும்பிவிட்டேன். கௌசல்யா மறுநாள் தம்பியோடு வந்தாள். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, மாட்டிக்கொண்ட மாதிரியும் இருந்தது. படிவத்தில் ‘சேவை மனப்பான்மை’ என்று எழுதினேன், அடித்தேன். ‘குடும்ப ஆதரவு’ என்று எழுதினேன், வீட்டை நினைத்து அதையும் அடித்தேன். கடைசியில் ‘செல்வி’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன். பயிற்சி நடத்திய அம்மையார் அதைப் படித்து, பின்பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

“யாரு மேடம் இவங்க, பெரிய பேச்சாளரா?”

ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்; கடிதம் இன்னும் பையில்தான் இருக்கிறது, அதைக் கொடுக்காமல் இருப்பதற்குப் பெயர் மன உறுதியா என்று கேட்டால், கௌசல்யா பரீட்சை எழுதி முடிக்கட்டும், யோசித்துச் சொல்கிறேன்.