வெட்டக் கேட்ட விலை

மரம் வெட்டுகிறவரிடம் முதன்முதலாகத் தொலைபேசியில் பேசியபோது, "இந்த மரத்துக்கு எவ்வளவு தருவீர்கள்?" என்றுதான் கேட்டேன். எங்கள் ஊரான மன்னாரில் காணியில் நிற்கும் மரத்தை விழுத்துவதென்றால், விறகு வாங்கி விற்கும் விறகுகாலைக்காரர் வந்து அண்ணாந்து பார்த்து விலை பேசுவார். காசைக் கையில் தந்துவிட்டுத்தான் கோடாரியைத் தூக்குவார். காசு தரவேண்டியது நான்தான் என்று சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் அந்த மனிதர் விளக்கினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மரத்தையும் கொடுத்துக் காசையும் கொடுப்பதா?

இங்கே நகர்ப்புறத்தில், கிளென் வேவர்லியில் வீடு பார்க்கப் போய், விலையைக் கேட்டதும் வாயை மூடிக்கொண்டு திரும்பியவர்கள் நாங்கள். ரோவில்லும் எட்டவில்லை. கடைசியில் த பேசின் என்ற ஊரையும் தாண்டி, மலையில் ஏறுகிற ஒற்றைப் பாதையின் முடிவில் ஒரு பலகை வீடு அகப்பட்டது. நகரத்தில் தூறினால் அங்கே கொட்டும். காலையில் கார்க் கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டாமல் வேலைக்குப் போக முடியாது. யாராவது வீட்டுக்கு வருகிறோம் என்று சொன்னாலும், பெற்றோல் செலவை நினைத்துப் பிறகு வராமல் விடுவார்கள். எனக்கு அந்த இடம் ஒருநாளும் பிடித்ததில்லை. மனைவிக்குப் பிடித்திருந்தது. இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து மற்றவர்களின் வீடுகளில் ஓர் அறையில் காலம் தள்ளியவள் அவள். திறப்பு கைக்கு வந்த அன்று கதவை உள்ளே இருந்து பூட்டினாள், திறந்தாள், திரும்பவும் பூட்டினாள்.

எங்கள் முதலாவது குளிர்காலத்தில் ஒரு புயல் அடித்தது. வீட்டை ஒட்டி நின்ற யூக்கலிப்டஸ் மரத்தின் கொப்பு ஒன்று முறிந்து கூரையின் ஓரத்தைக் கொண்டுபோய்விட்டது. பார்க்க வந்த இன்சூரன்ஸ்காரர் கூரையை விட்டுவிட்டு மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மரம் உள்ளே உக்கிவிட்டது, வீட்டுப் பக்கம் சாய்கிறது, அதை எடுக்காவிட்டால் இன்சூரன்ஸைப் புதுப்பிக்க மாட்டோம் என்று எழுதி அனுப்பினார்கள். இன்சூரன்ஸ் இல்லாத வீட்டின் மேல் வங்கி கடனைத் தொடர விடாது. ஆக, மரம் நின்றால் வீடு போய்விடும்.

மரம் வெட்டுகிறவர் நேரில் வந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் வாயைத் திறந்தபோதெல்லாம் விலை ஏறியது. பாதை ஒடுக்கம், பாரந்தூக்கி ஏறாது. ஆள் கயிற்றில் தொங்கி, துண்டு துண்டாக வெட்டி இறக்க வேண்டும். மலைக்கு வந்துபோகத் தனிக் காசு. மழை பெய்து வேலை நின்றாலும் வந்த நாளுக்குக் கூலி. எல்லாம் சேர்த்துப் பதினாலாயிரம் டொலர் என்றார். வேறு இருவரைக் கேட்டேன். ஒருவர் முகவரியைக் கேட்டதுமே தூரம் என்றார். மற்றவர் இன்னும் கூடக் கேட்டார். தெரிந்த தமிழ்ப் பொடியன் ஒருவன் மரம் அரியும் மெசினோடு வந்து, கழுத்து நோக மேலே பார்த்தான்.

"அண்ணை, இதிலை ஏறினா நேரை பரலோகம்தான்" என்றான். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போய்விட்டான்.

எங்களிடம் அந்தளவு காசு இருந்தது, அதுதான் கொடுமை. தொழிற்சாலையில் எனக்கு நிரந்தர வேலை இல்லை. வேலை குறைகிற மாதங்களில் வங்கித் தவணை கட்டுவதற்கென்று மனைவி முதியோர் இல்லத்தில் இரட்டை ஷிப்ட் செய்து சேர்த்து வைத்த காசு அது.

"இதைக் குடுத்திட்டா, வேலை இல்லாத நேரம் என்னத்தைக் கட்டுறது?" என்றேன்.

"குடுக்காட்டி இப்பவே போகுது. குடுத்தா, பிறகு போனாலும் போகலாம், போகாமலும் விடலாம். குடுங்கோ, அப்பா" என்றாள் மனைவி.

அவள் சொன்னதில் பிழை இல்லை. கொடுத்தேன்.

முதல்நாள் வந்தவர்கள் மழை விடும் வரை வாகனத்துக்குள் கோப்பி குடித்துக்கொண்டு இருந்துவிட்டுப் போனார்கள். அதற்கும் கூலி. அடுத்த தடவை வந்து இரண்டு நாளில் மரத்தை இறக்கினார்கள். குற்றிகளை ஏற்றிப் போகத் தனிக் காசு என்றதால் அவற்றை அங்கேயே போடச் சொன்னேன். பச்சை மரம், இரண்டு குளிர்காலம் காய்ந்தால்தான் எரியும் என்றார் அந்த மனிதர். எங்கள் சொந்த விறகு என்று மனைவிக்கு ஒரே சந்தோசம். மரம் பிளக்கும் மெசினை வாடகைக்கு எடுத்துப் பிளந்து, சுவரோடு அடுக்கி, மேலே தறப்பாள் போட்டோம். வெளியே மலைபோல் விறகு இருக்க, கணப்புக்குப் பெற்றோல் நிலையத்தில் சிறிய பைகளில் விறகு வாங்கி எரித்தோம்.

அடுத்த குளிருக்கு முன் தொழிற்சாலையில் ஆட்களைக் குறைத்தார்கள். நானும் அதில் ஒருவன். கிடைத்த வேலைகளெல்லாம் மலையடிவாரம் தாண்டி எங்கோ தொலைவில், கிழமைக்கு இரண்டு நாள் மட்டும். தவணை தவறியது. வங்கியோடு பேசிப் பேசி, கடைசியில் அவர்களாக விற்பதற்கு முன் நாங்களே விற்பது என்று முடிவெடுத்தோம்.

வீடு பார்க்க வந்த ஓர் இளம் சோடி, அறைகளில் எவ்வளவு வெளிச்சம் என்று வியந்தது. மரம் நின்ற இடத்தால் வந்த வெளிச்சம் அது. வெளியே வந்ததும், விறகும் வீட்டோடு சேர்த்தியா என்று அந்தப் பெண் கேட்டாள். நான் வாயைத் திறக்க முதல் மனைவி ஆம் என்றாள். இந்தக் குளிருக்கு எரிக்க வேண்டாம், புகைக்கும், அடுத்த வருடம் நன்றாக எரியும் என்றும் சொல்லிக்கொடுத்தாள். அவளுக்கு முன்னால் அழக்கூடாது என்று காருக்குள் போய் இருந்தேன்.

இப்போது ரோவில்லில் ஒரு வீட்டின் பின்னறையில் இருக்கிறோம். வீட்டுக்கார அன்ரி நல்லவர், எங்களை ஒருநாளும் ஒன்றும் சொன்னதில்லை. என்றாலும் மனைவி வேலையால் வந்ததும் குசினி வாசலில் நின்று, "அன்ரி, நான் இப்ப சமைக்கலாமோ?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே போகிறாள்.